தீக்குச்சி விற்கிற பையன்

அன்புள்ள மாப்ளே,

திட்டாதே. உனக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்து ஆறு மாசமாச்சு, ஒரு போன்கூடப் போடவில்லை என்று பெரியத்தை ஏற்கெனவே என்னை வறுத்தெடுத்துவிட்டது. போனில் என்றால் நீ கத்துவாய், அதனால்தான் லெட்டர். மாடிப்படி ஏறுகிறாயா? இங்கே எல்லாரும் சௌக்கியம். சுகர் என்னைவிட சௌக்கியம்.

விஷயத்துக்கு வருகிறேன். பேத்திக்குக் காட்ட மருமகள் கம்ப்யூட்டரில் இருநூறு வருஷத்துப் பழைய லண்டன் படப் புத்தகங்களைத் திறந்து வைத்தாள். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு லண்டனைச் சுற்றிக் காட்டுகிற புத்தகங்கள். ‘சிட்டி சீன்ஸ்’ என்று ஒன்று, 1818 பதிப்பு, டேலர் அக்கா தங்கச்சி எழுதியது. பேத்தி பாடுகிற ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ இருக்கே, அதை எழுதியதும் அந்தத் தங்கச்சி ஜேன்தான். லண்டனில் 1666-ல் ஊரே எரிந்ததை நினைத்து 202 அடிக்கு ஒரு தூண் கட்டியிருக்கிறார்கள். நம் சிவகாசிப் பக்கம் ஒவ்வொரு வெடிவிபத்துக்கும் தூண் வைத்தால் நடக்க இடம் இருக்குமா?

அப்படியே 1804-ல் ரிச்சர்ட் பிலிப்ஸ் போட்ட புத்தகத்தின் படங்களையும் பார்த்தேன். இது பெரியவர்களுக்கு. வரைந்தவர் கிரெய்க். ஒவ்வொரு பேர்பெற்ற கட்டடத்தின் முன்னாலும் ஒரு தெரு வியாபாரியை நிறுத்தியிருக்கிறார். அட்டைப்பெட்டி விற்கிறவனை நிறுத்தியிருப்பது எங்கே தெரியுமா? நியூ பாண்ட் தெருவில், டாபார்ட்டின் குழந்தைகள் புத்தகக் கடை வாசலில்! விளம்பரத்தில் நம்ம காலண்டர்க்காரர்கள் தோற்றார்கள் போ.

மான்ஷன் ஹவுஸ் படம் வந்ததும் கை நின்றுவிட்டது. லண்டன் சிட்டியின் லார்ட் மேயர் குடியிருக்கிற மாளிகை. அதன் முன்னால் ஒரு பையன், தீக்குச்சி விற்கிறான். உரசினால் பற்றுகிற குச்சி இல்லை மாப்ளே, அதை ஜான் வாக்கர் விற்க ஆரம்பித்ததே 1827-ல்தான். இது வெறும் குச்சியில் கந்தகம் தோய்த்தது. சிக்கிமுக்கியில் பொறி தட்டி, கருகின துணியில் கனல் பிடிக்க வைத்து, அதில் வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஒரு பென்னிக்கு ஆறு கட்டு. வியாபாரத்தில் வயிறு நிறையாது, வாங்குகிற வீட்டு அடுப்படியில் கொடுக்கிற மிச்சம் மீதியில்தான் பிழைப்பு என்று படத்தோடு எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று கேள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்தகத்தில் வண்ணம் அச்சில் வராது, கையால் தீட்டியது. தீட்டியவர்கள் பல இடங்களில் பிள்ளைகளே. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருத்தி சிவப்பு மட்டும், அடுத்தவள் நீலம் மட்டும், தாள் கைமாறிக்கொண்டே போகும். நீ தாளை மடிக்க, நான் பசை தடவ, சின்னவன் லேபிள் ஒட்ட என்று சின்ன வயசில் தீப்பெட்டி ஆபீஸில் குரோஸ் கணக்கில், 144 பெட்டி 144 பெட்டியாகத் தள்ளினோமே, அதே அடுக்கு. ஒரு படத்தில் பெண்ணின் பாவாடைச் சிவப்பு கோட்டைத் தாண்டிப் பக்கத்திலிருந்த நாயின் வாலில் ஏறியிருக்கிறது. பேத்தி சிரித்தாள். எனக்கு அதைத் தீட்டிய பிள்ளை அன்று வாங்கியிருக்கிற குட்டு ஞாபகம் வந்தது. லேபிள் கோணினால் கணக்கப்பிள்ளை உன் மண்டையில் போட்ட குட்டு இன்னும் வலிக்கிறதா?

1807-ல் ஹாரிஸ் போட்ட ‘பட்டர்ஃப்ளைஸ் பால்’ (வண்ணத்துப்பூச்சியின் நடன விருந்து) என்கிற பிள்ளைகள் புத்தகம் சாதா 1 ஷில்லிங், வண்ணம் தீட்டியது 1 ஷில்லிங் 6 பென்ஸ். அந்த 6 பென்ஸுக்கு மான்ஷன் ஹவுஸ் பையன் 36 கட்டு விற்க வேண்டும். ராத்திரி படுத்துக்கொண்டு இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தேன். தூக்கம் வரவில்லை.

அந்த மாதிரிப் பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டே விற்பார்களாம். விடியக்காலை தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் தூக்கம் வராமலிருக்க நாம் கட்டிய பாட்டில் எனக்கு முதலடி மட்டும்தான் நிற்கிறது. இரண்டாவது அடி உன்னுடையது. மறக்காமல் எழுது. கெட்டவார்த்தையையும் சேர்த்தே எழுது, லெட்டரை நான்தான் பிரிப்பேன்.

உன்
பசைச்சட்டி