டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு கையெழுத்து குறைகிறது

மதிப்பிற்குரிய நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். பதினெட்டு ஆண்டுகளாக இந்த மலையில் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். விழாக்களில் 'சமூக சேவகி' என்று சொல்லிச் சால்வை போர்த்துவார்கள். ஊட்டிக் குளிருக்குச் சால்வை உதவுகிறது, குறை சொல்லவில்லை. ஆனால் நான் செய்வது சேவை அல்ல. இரண்டு ஆண்டு முதுகலை படித்துவிட்டுச் செய்கிற வேலை. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென 2021இல் வந்த தேசிய ஆணையச் சட்டமும் எங்களை அந்தப் பட்டியலில்தான் சேர்த்திருக்கிறது.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறியவர் விழுந்து முதுகுத்தண்டு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற பிசியோதெரபிஸ்ட் பொறுமையாகப் பழக்கினார். சக்கர நாற்காலியும் கொடுத்து அனுப்பினார்கள். அவருடைய லைன் வீடு (எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) ரோட்டிலிருந்து 62 படி கீழே! நாற்காலி ரோட்டோர டீக்கடையிலேயே நின்றுவிட்டது. நான் பார்த்தபோது அதன்மேல் முட்டைக்கோஸ் மூட்டை. மனைவி காலையில் கொழுந்து பறிக்கப் போனால் பொழுது சாயத்தான் வருவார். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லிச் சீட்டில் எழுதியிருந்தது. யார் புரட்டுவது? மூன்றாம் வாரம் படுக்கைப்புண்ணோடு திரும்பி வந்தார். கேஸ் பைலில் எழுதினார்கள்: 'நோயாளி ஒத்துழைக்கவில்லை.'

அந்த மருத்துவமனையில் அப்போது எனக்குக் கொடுத்திருந்த வேலை, காப்பீட்டு அட்டைக்கு நகல் எடுப்பது.

டிஸ்சார்ஜுக்குப் பத்து நாள் முன்னால் யாராவது அந்தப் படிகளில் இறங்கிப் பார்த்திருக்கலாம். ரோட்டு மட்டத்தில் காலியாகக் கிடந்த லைன் வீட்டை மாற்றிக் கேட்டிருக்கலாம். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு வார்டில் இருக்கும்போதே விண்ணப்பித்திருக்கலாம். வேலையில் நேர்ந்த விபத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் இழப்பீடு கோர வேண்டும் என்பதையே யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. கெடு தாண்டிய பிறகு, தாமதத்துக்குக் காரணம் எழுதி மனு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

கூடலூர், பந்தலூர் பக்கம் பழங்குடிக் குடும்பங்களில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோயால் இடுப்பு மூட்டு கெட்டு நடக்க முடியாமல் போகிறவர்கள் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகை மாற்றுத்திறன்களில் அந்த நோயும் ஒன்று. இந்தச் செய்தி பல வீடுகளுக்கு எட்டவே இல்லை. நோயாளி ராத்திரியில் வார்டை விட்டுப் போனால் 'சொல்லாமல் ஓடிவிட்டார்' என்று எழுதி முடித்துக்கொள்கிறோம். ஒரு முறை பின்னாலேயே போய்க் கேட்டேன். வீட்டில் கைக்குழந்தை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

ஊட்டியில் 700 படுக்கைகளோடு புது மருத்துவமனை வந்துவிட்டது. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். சந்தோஷம். நாங்கள் கேட்பது ஆறு தாலுகாவுக்கும் தாலுகாவுக்கு ஒரு முழுநேர சமூகப் பணியாளர், அவருக்கு ஜீப் செலவு. படுத்த படுக்கையாக இருப்பவரை அனுப்பும் சீட்டில் டாக்டர் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும், வீட்டைப் பார்த்துவிட்டுப் போட்டதாக.

இந்த வாரம் இரண்டு பேர் டிஸ்சார்ஜுக்குக் காத்திருக்கிறார்கள். ஒருவர் வீடு ரோட்டோரம். இன்னொருவர் வீட்டை நாளை பார்க்கப் போகிறேன்; பஸ் மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவ சமூகப் பணியாளர்,
கோத்தகிரி