பாலைச் சோதிக்கிறார்கள், தீவன மூட்டையை யார் சோதிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பால் கலப்படம் என்றாலே யூரியா, சோப்புத்தூள் என்றுதான் பேச்சு ஓடுகிறது. கறவை மாடு வைத்துப் பிழைக்கிற எங்கள் மேல்தான் முதல் சந்தேகம் விழுகிறது. ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, அடுத்த ஆண்டு அக்டோபரில் முடிவை வெளியிட்டது. உடலுக்குத் தீங்கான கலப்படம் இருந்தவை 12. அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தவையோ 368. தமிழ்நாட்டில் மட்டும் 88. இங்கே எடுத்ததே 551 மாதிரிகள்தான். எண்ணிக்கையில் வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. நான் கறக்கிற பாலைத்தான் என் பேத்தியும் குடிக்கிறாள்.

இந்த நஞ்சை யாரும் பாலில் ஊற்றுவதில்லை. புண்ணாக்கும் மக்காச்சோளமும் ஈரம்பட்டுக் கிடந்தால் பூசணம் பிடித்து அஃப்ளாடாக்சின் பி1 உண்டாகிறது. அதைத் தின்ற மாட்டின் கல்லீரல் எம்1 ஆக மாற்றி, ஒரே நாளுக்குள் பாலில் இறக்கிவிடுகிறது. தின்றதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு. நிறையக் கறக்கும் மாட்டில் ஆறு பங்கு வரைகூடப் போகும். காய்ச்சினாலும் அழியாது, பாக்கெட் பாலுக்காகப் பதப்படுத்தினாலும் அழியாது. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமான நஞ்சு இது.

எங்கள் பக்கம் கடலைக்காய் உடைக்கிற மில்லில் நின்று பார்த்தால் விஷயம் புரியும். நல்ல பருப்பு ஒரு பக்கம் போகும். சொத்தை, சுருங்கல், கறுத்தது, பூசணம் படிந்தது எல்லாம் தனியாகப் பிரிந்து எண்ணெய் ஆட்டப் போகும். ஆட்டும்போது நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கிலேயே தங்கிவிடும். "மாட்டுக்குத்தானே" என்று அது மூட்டையாகிக் கடைக்கு வரும். அங்கே சிமெண்ட் தரையில், சுவரை ஒட்டி அடுக்குவார்கள். ஐப்பசி மழையில் அடி மூட்டை ஓதம் ஏறிப் போகும். போன மழைக்கு வாங்கிய புண்ணாக்குக் கட்டியை உடைத்தேன். வெளியே நன்றாகத்தான் இருந்தது, நடுவில் மஞ்சளும் பச்சையுமாகப் பொடி. கடைக்காரரிடம் காட்டினால், "வெயில்ல காயப்போட்டு வைங்கக்கா, ஒண்ணும் ஆகாது" என்கிறார். காய்ந்தால் பூசணம் வளராது, அவ்வளவுதான். ஏற்கெனவே ஊறிய நஞ்சு முழுசாகப் போய்விடாது. பூசணமே கண்ணுக்குத் தெரியாத புண்ணாக்கிலும் நஞ்சு இருக்கலாம். அப்படியிருக்க, பார்த்து வாங்க வேண்டியது விவசாயி பொறுப்பு என்று சொல்வது நியாயமே இல்லை.

நாங்கள் பால் ஊற்றுகிற கூட்டுறவு சொசைட்டியில் காலையும் மாலையும் பாலின் கொழுப்பும் இதர சத்தும் பார்க்கிறார்கள். கொஞ்சம் குறைந்தாலும் விலையில் பிடித்துக்கொள்கிறார்கள். கலப்புத் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதி இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்க் கடைக்கு வந்து ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. சில்லறையில் நிறுத்துத் தருகிற புண்ணாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. இரண்டு மாடு வைத்திருப்பவர் ஒரு மூட்டைக்காக அங்கே மாதிரி அனுப்பிக்கொண்டிருக்க முடியுமா? சொசைட்டி செய்யலாம். மழைக்காலம் முழுக்க, உறுப்பினர்கள் தீவனம் வாங்கும் கடைகளில் மாதிரி எடுத்து அனுப்பி, முடிவைப் பால் ஊற்றுகிற இடத்தில் எழுதி ஒட்டட்டும். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாளிலேயே பாலில் நஞ்சு வடிந்துவிடும் என்பதால் இதற்கு உடனே பலன் தெரியும். கால்நடைப் பராமரிப்புத் துறை சோதனைச் செலவை ஏற்கட்டும். வரம்பு மீறிய மூட்டையைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும் என்றும் உத்தரவு போடட்டும். வருகிற ஐப்பசிக்கு முன்னால் இதைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பால் உற்பத்தியாளர்,
பெருந்துறை வட்டம், ஈரோடு மாவட்டம்.