முகூர்த்தத்தைச் சீக்கிரம் சொல்லு, பரமு

ஃபோர்ட் காலின்ஸ், கொலராடோ
15 மார்ச் 2026

அன்புள்ள பரமு,

இங்கு எல்லோரும் நலம். சின்னவன் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வரும்வரை எங்களோடு பேசுவதில்லை என்று இருக்கிறான். வீடு நிம்மதியாக இருக்கிறது. பட்டாணி மறுபடியும் சீட்டுப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறானாமே, உன் தங்கச்சி சொன்னாள். யாரும் போய்ச் சேராதீர்கள், அவ்வளவுதான்.

உன் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்று கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம் நீ. "ஐப்பசி கார்த்திகையில வச்சுக்கலாம்டா" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஐப்பசியும் கார்த்திகையும்தான் இங்கே எல்க் என்கிற பெரிய மானுக்கும் சாதாரண மானுக்கும் ரைஃபிள் சீசன், அதாவது துப்பாக்கி வேட்டைக் காலம். சிரிக்காதே, முழுக்கப் படி.

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் மூன்றாம் வாரம் வரை நாலு சீசன். எந்த சீசன், எந்தப் பகுதி என்று நவம்பரில் வானத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குள் விண்ணப்பம் போட வேண்டும். இந்த வருஷம் அது 7ஆம் தேதி. மான் லைசென்ஸ் 1999இலிருந்து முழுக்கக் குலுக்கல்தான். ஆண் எல்க்குக்கு இரண்டாவது, மூன்றாவது சீசனில் பல இடங்களில் குலுக்கல் கிடையாது, கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எனக்கு இரண்டும் ஒரே பயணத்தில் முடிய வேண்டும், அதனால் மான் எந்த சீசனில் விழுகிறதோ அதுதான் எல்லாவற்றுக்கும் தேதி. அக்டோபரில் பனி விழுமா, லீவு கிடைக்குமா, பரமு மகளுக்குக் கல்யாணம் வருமா என்பதையெல்லாம் பங்குனியிலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஜோசியர் இருந்தால் அனுப்பி வை.

முதல் சீசனைப் பேசவே வேண்டாம். அதில் எல்க் மட்டும்தான், மான் கிடையாது. அக்டோபர் நடுவில் வருவதால் புரட்டாசியின் கடைசி நாட்கள். புரட்டாசியில் நான் கறி கொண்டுவந்தால் கறியும் நானும் கராஜில்தான் இருக்க வேண்டும். மற்றபடி அருமையான சீசன். கூட்டம் குறைவு. செப்டம்பரில் ஜோடி தேடிக் கத்திய ஆண் எல்க் ஒன்றிரண்டு அப்போதும் விடிகாலையில் கத்தும். ஒரு தடவை கேட்டால் போதும், மேகமலையில் கடமான் குரல் கேட்டு நீ என் கையைப் பிடித்துக்கொண்டாயே, அந்த ராத்திரி ஞாபகம் வந்துவிடும். இது அதைவிட மெல்லிய குரல், புல்லாங்குழலை யாரோ தப்பாக ஊதுகிற மாதிரி. முந்நூறு கிலோ உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டாவது சீசன் அக்டோபர் கடைசி வாரம், ஒன்பது நாள். எல்க்கும் மானும் சேர்ந்தது. ஊரே அப்போதுதான் கிளம்பும். நாங்கள் போகிற மீக்கர் பக்கம், ஃப்ளாட் டாப்ஸ் மலைக்கு ஏறும் பாதையில், காலை நாலரை மணிக்கு டிரக் விளக்குகள் வரிசை கட்டி நிற்கும். ஆளுக்கு 500 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சுத் துணி இடுப்புக்கு மேலே இருக்க வேண்டும் என்பது சட்டம், தலையில் தொப்பியும் அதில் சேர்த்திதான். 2016இலிருந்து பளீர் ரோஸும் செல்லும். வீட்டம்மா எனக்கு ரோஸ்தான் வாங்கிக்கொடுத்திருக்கிறாள், தள்ளுபடியில் கிடைத்ததாம்.

கூட்டத்தைப் பற்றி எனக்குப் பயமில்லை, வெயிலைப் பற்றித்தான். அக்டோபர் கடைசியிலும் மத்தியானம் சட்டையைக் கழற்ற வைக்கிற நாள் வரும். அப்போது எல்க் விழுந்தால் கடிகாரத்தோடு போட்டி. உடனே தோலை உரித்து, நாலு காலையும் தனித்தனியாகக் கழற்றி, நிழலில் காற்றுப்படத் தொங்கவிட வேண்டும். எலும்பு நீக்கினால் தொண்ணூறு கிலோ கறி நிற்கும், அத்தனையும் முதுகில்தான் வர வேண்டும். பின்னங்கால் தொடைக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். வெளியே கறி சில்லென்று இருக்கும், இடுப்பு மூட்டை ஒட்டிய இடத்தில் மணிக்கணக்கு கழிந்தும் சூடு தங்கியிருக்கும். கெட்டுப்போவது அங்கேதான் தொடங்கும், வெளியே வாசனை வருமுன்பே. பக்கத்து முகாமில் ஒருத்தர் அப்படி ஒரு முழுத் தொடையைத் தூக்கி எறிந்ததைப் பார்த்தேன். அன்று முழுக்க யாரும் அவரோடு பேசவில்லை.

இந்த வருஷம் இன்னொன்று. ஐப்பசிப் பௌர்ணமி அக்டோபர் 26. நீங்கள் அங்கே சிவனுக்கு அன்னாபிஷேகம் செய்கிற ராத்திரி, இங்கே எல்க்குகள் நிலா வெளிச்சத்தில் விடிய விடிய மேய்ந்துவிட்டு, கிழக்கு வெளுக்குமுன் அடர்ந்த மரத்துக்குள் போய்ப் படுத்துவிடும் என்பார்கள். சுடுவதற்குச் சட்டப்படி சூரிய உதயத்துக்கு அரைமணி முன்னால்தான் நேரம் தொடங்கும், அதற்குள் அவை மறைந்திருக்கும். நான் இதைப் பாதிதான் நம்புகிறேன். ஆனால் மீதிப் பாதிதான் ராத்திரியில் தூங்க விடுவதில்லை.

மூன்றாவது சீசன் என்றால் நிலாத் தொல்லை இல்லை, அமாவாசை. அமாவாசை என்றால் என்ன? தீபாவளி! நவம்பர் 8, சீசனுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் காட்டுக்குப் போனால் என் வாசனை அடுத்த மாவட்டம் வரைக்கும் போகும். காற்று பார்க்கிறதற்கு நான் என்ன வைத்திருக்கிறேன் தெரியுமா? உங்கள் அத்தை கொடுத்தனுப்பிய பழனித் திருநீறு. ஒரு சிட்டிகை விட்டால் காற்று எந்தப் பக்கம் நகர்கிறது என்று அப்படியே காட்டிக்கொடுக்கும். விடிகாலைக் குளிர்காற்று சரிவில் கீழே இறங்கும், அப்போது மானுக்குக் கீழே நிற்க வேண்டும். வெயில் சரிவில் பட்டதும் காற்று மேலே ஏறும், அதற்குள் நாம் மேலே போய்விட வேண்டும். அந்த மாறுகிற பத்து நிமிஷத்தில் திருநீறு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நிற்கும். முருகன் மன்னித்தாலும் தான் மன்னிக்கப்போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

சரி, நாலாவது. நவம்பர் மூன்றாம் வாரம், கார்த்திகை பிறந்த கையோடு ஐந்து நாள். மானுக்கு இதற்கு மிஞ்சிய சீசன் கிடையாது. வருஷம் பூராவும் ஆளைக் கண்டால் கரைந்துபோகிற கிழட்டு ஆண் மான், இந்த வாரத்தில் பெண் மான் பின்னால் பட்டப்பகலில் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடும். மேலே பனி விழுந்து எல்க் கூட்டமும் பள்ளத்தாக்குக்கு இறங்கியிருக்கும். அதிலும் ஒரு கொடுமை உண்டு. பனி அதிகமானால் நேராகத் தனியார் பண்ணைக்குள் போய் நின்றுகொள்ளும். வேலிக்கு இந்தப் பக்கம் நாம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம், அந்தப் பக்கம் இருநூறு எல்க் வைக்கோல் தின்னும்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நாலாவது சீசன்தான் உயிர். உனக்கு அவரைத் தெரியும், நீ வந்திருந்தபோது உனக்கு விஸ்கியைத் தேநீர்க் கோப்பையில் ஊற்றிக்கொடுத்தவர். அவர் 1947இல் பிறந்தவர். 1949இலோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள்தான் இங்கே வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும். அதனால் நான் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சை எழுதினேன், அவர் வெளியே டிரக்கில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

குலுக்கலில் தோற்றால் வருஷத்துக்கு ஒரு பாயின்ட் சேரும். பாயின்ட் அதிகம் உள்ளவருக்குத்தான் நல்ல இடத்தில் நல்ல சீசன் விழும். கனிசன் பக்கம் நாலாவது சீசன் மான் லைசென்ஸுக்காகப் பெரியவர் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார். போன வாரம் வேலியோரம் நின்று, "இந்தத் தடவை இரண்டாவது சீசனுக்கு நாம் சேர்ந்தே போடலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சேர்ந்து போட்டால் குழுவில் யாருக்குக் குறைவான பாயின்டோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். என்னுடையது அற்பம். லைசென்ஸ் விழுந்துவிட்டால் இருவர் பாயின்டும் பூஜ்யம். இதை அவருக்குச் சொல்லித் தந்தவன் நான் இல்லை, எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். "பாயின்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்" என்று சொல்லிவிட்டுக் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விஷயம் அவர் மனைவி மூலம்தான் தெரிந்தது. டிசம்பரிலிருந்து ராத்திரியில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாராம். எங்கள் ஊரே ஐந்தாயிரம் அடி உயரம், முகாம் எட்டாயிரத்துக்கு மேல். நவம்பர் குளிரில் அந்த உயரத்தில் அவரால் மூச்சு விட முடியாது. அக்டோபர் வெயிலில் முடியலாம், டிரக் போகிற இடம் வரையாவது. அவர் சுட வரவில்லை பரமு. நாற்காலி போட்டு உட்கார்ந்து பைனாகுலரில் சரிவைப் பார்ப்பார், நான் மேலே போய்த் திருநீறு தூவிக்கொண்டு அலைவேன். அதுதான் திட்டம்.

அதனால் பௌர்ணமியாவது, வெயிலாவது, கூட்டமாவது. 2022-23 குளிர்காலத்தில் வடமேற்குப் பக்கம் மான்களும் எல்க்குகளும் ஏராளமாகச் செத்து, அரசே லைசென்ஸைப் பெருமளவில் வெட்டியது. அந்த மந்தைகள் இப்போது எப்படி இருக்கின்றன என்ற யோசனையைக்கூட இந்த வருஷம் ஒதுக்கி வைத்துவிட்டேன். இரண்டாவது சீசன், முடிந்தது. பனிப்பெட்டிகளும் ஐஸும் இரட்டிப்பாக எடுத்துப் போவேன்.

இப்போது உன் பக்கம். வேட்டை நவம்பர் முதல் நாளோடு முடியும். மானைச் சுட்டால் தலையைப் பரிசோதனைக்குக் கொடுப்பேன். மூளையை அரித்து மெலிந்து சாகவைக்கிற ஒரு நோய் இந்தப் பக்கத்து மான்களில் பரவியிருக்கிறது. 1967இல் எங்கள் ஃபோர்ட் காலின்ஸில்தான், அடைத்து வளர்த்த மான்களிடம் முதன்முதலில் கவனித்தார்கள். முடிவு வராமல் அடுப்பில் ஏற்ற மாட்டேன் என்பது வீட்டுச் சட்டம். எல்லாம் முடிய நவம்பர் 10 ஆகும். அதன் பின் எந்த நாளும் நான் தயார்.

ஆகவே தீபாவளி கழித்து, ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ முகூர்த்தம் பார். உனக்கும் லாபம்தான். கல்யாணம் தீபாவளிக்குப் பின்னால் போனால் தலைதீபாவளி அடுத்த வருஷம், மோதிரச் செலவும் அடுத்த வருஷம். சம்பந்தியிடம் இந்தக் கணக்கைச் சொல்லிவிடாதே. ஐப்பசி நடுவில்தான் நாள் அமைகிறது என்று ஜோசியர் பிடிவாதம் பிடித்தால், ஏப்ரல் 7ஆம் தேதிக்குள் சொல்லிவிடு. பெரியவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன் மகள் கல்யாணத்துக்கு நான் இல்லாமல் இருக்கமாட்டேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம்.

போன கடிதத்தில் "பாவம்டா, ஏன்டா சுடுற" என்று கேட்டிருந்தாய். மறுவீட்டு விருந்துக்கு எத்தனை ஆடு சொல்லி வைத்திருக்கிறாய் என்று எழுது, பிறகு பேசுவோம்.

உப்புக்கண்டம் கேட்காதே. விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். பெரியவர் உன் மகளுக்கு ஒரு கம்பளி வாங்கி வைத்திருக்கிறார், தேனி வெயில் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அதைக் கொண்டுவருகிறேன். மேடையில் ஒரு நிமிஷமாவது போர்த்திக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், இப்போதே அவளிடம் சொல்லி வை.

உன்,
ராஜா