பார்லிமென்ட்ல மருந்துக்கு எவ்வளவு நேரம்? கலாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கலா,

உன் லெட்டர் கிடைச்சுது. முட்டி வலி குறைஞ்சிருக்குன்னு எழுதியிருந்ததைப் படிச்சப்புறம் தான் மனசு ஆறுச்சு, ஆனா ஃபிசியோவை பாதியில நிறுத்திடாத. பேத்தி வீடியோவை இவரு திரும்பத் திரும்ப போட்டுப் பார்த்துட்டே இருக்காரு, அப்படியே உன் கண்ணு அவளுக்கு. இங்க எல்லாரும் சௌக்கியம். சின்னவ சிவில் சர்வீஸ் எக்ஸாமுக்கு படிக்கிறான்னு சொல்லியிருந்தேன்ல, அவளுக்கு உதவியா இருக்கட்டும்னு மக்களவை, மாநிலங்களவை விவாதங்களை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சேன், இப்ப அவ படிக்கிறதைவிட நான் படிக்கிறது தான் ஜாஸ்தி.

அதனால நீ கேட்டது நல்ல நேரத்துல வந்துச்சு. "இத்தனை வருஷம் ஆஸ்பத்திரி பார்மசில நின்னேன், டெல்லில மருந்தைப் பத்தி யாராவது வாயைத் திறந்து பேசுறாங்களாடி"ன்னு கேட்டிருந்தே. பேசுறாங்க கலா. ஆனா போதைப்பொருள்னா மணிக்கணக்கா பேசுறாங்க, மருந்துன்னா பெரும்பாலும் பேப்பர்ல ஒரு பதிலோட முடிஞ்சிடுது, இது தான் நான் படிச்சுப் பார்த்ததுல என்னை ரொம்ப உறுத்துற விஷயம்.

2022 டிசம்பரை எடுத்துக்கோ. மக்களவையில 193வது விதிப்படி (ஓட்டெடுப்பு இல்லாம விவாதம் மட்டும் நடத்துற விதி) போதைப்பொருள் பிரச்சினை பத்தி ரெண்டு நாள் விவாதம், கட்சி வித்தியாசம் இல்லாம ஏகப்பட்ட பேர் பேசினாங்க, எல்லை, டிரோன், துறைமுகம், காலேஜ் பசங்கன்னு எல்லாம் வந்துச்சு, கடைசில உள்துறை அமைச்சர் அமித் ஷா நீளமா பதில் சொன்னாரு. பேச வேண்டிய விஷயம் தான், பசங்களை இழந்த வீடுகளை நீயும் நானும் பார்த்திருக்கோம். ஆனா அந்த வருஷம் அக்டோபர்ல தான் காம்பியால குழந்தைங்க செத்தது வெளிய வந்துச்சு, கிட்டத்தட்ட 70 குழந்தைங்க, நம்ம நாட்டுல தயாரிச்ச இருமல் சிரப்புல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷ ரசாயனம் இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டுச்சு. அதே குளிர்கால கூட்டத்தொடர்ல இதுக்கு மாநிலங்களவையில கிடைச்சது எழுத்துபூர்வமான ஒரு பதில், அரசு லேப்ல சோதிச்ச மாதிரிகள் தரமா இருக்குன்னு. ரெண்டு நாள் விவாதம் எங்க, ஒரு பதில் எங்க சொல்லு.

இந்த எழுத்துபூர்வ பதில்களை நீ ஒரு தடவை படிச்சுப் பாரு. மக்களவையில ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறி போட்ட கேள்வி 20, அதுக்கு தான் அமைச்சர் எழுந்து நின்னு வாயால பதில் சொல்லணும், துணைக் கேள்வியும் கேட்கலாம், அதுலயும் ஒரு மணி நேரத்துல நாலஞ்சு தான் ஓடும். குறி இல்லாத கேள்வி 230, அதுக்கெல்லாம் பேப்பர் தான், மருந்து கேள்விகள் முக்கால்வாசி இந்தப் பக்கம் தான் விழுது. உறுப்பினர் ஏ, பி, சி, டி, இ-ன்னு அஞ்சு பகுதியா பிரிச்சு கேட்டிருப்பாரு, எத்தனை சாம்பிள் ஃபெயில் ஆச்சு, எந்த கம்பெனி, என்ன நடவடிக்கைன்னு, பதில்ல "ஏ முதல் இ வரை"ன்னு மொத்தமா சேர்த்து ஒரே பாராவா போட்டு, லைசென்ஸ் குடுக்குறது மாநில அதிகாரிங்க, அவங்களுக்கு நடவடிக்கை எடுக்க அதிகாரம் இருக்குன்னு முடிச்சிடுவாங்க. கம்பெனி பேர் கேட்ட கேள்வி எங்க போச்சுன்னே தெரியாது. இல்லன்னா "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்"னு வரும். அப்படி சொன்னா அது ஒரு உறுதிமொழியா கணக்காகுது, மூணு மாசத்துக்குள்ள நிறைவேத்தணும், அதைப் பார்க்குறதுக்குன்னே அரசு உறுதிமொழிகள் குழுன்னு ஒண்ணு இருக்கு. இது தெரிஞ்சப்போ எனக்கு கொஞ்சம் தெம்பு வந்துச்சு, விடாப்பிடியா துரத்துற உறுப்பினரா இருந்தா அந்த ஒரு வரியை வெச்சே விஷயத்தை வாங்கிடலாம்.

ஆனா கலா, உண்மையான வேலை நடக்குறது நிலைக்குழுவுல, அதாவது ஒரு துறையை உட்கார்ந்து அலசுறதுக்குன்னே இருக்குற எம்.பி.க்கள் குழுவுல. டிவில வராது, கூச்சல் கிடையாது. 2012 மே மாசம் சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன்னோட 59வது அறிக்கையை வெச்சாங்க, மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு எப்படி வேலை செய்யுதுன்னு. நீ பார்மசிஸ்டா இருந்தவ, இதைக் கட்டாயம் படிக்கணும். 2008 ஜனவரிலேர்ந்து 2010 அக்டோபர் வரைக்கும் 33 மருந்துகளுக்கு இந்திய நோயாளிகள்கிட்ட கிளினிக்கல் ட்ரையல் இல்லாமலே அனுமதி குடுத்திருக்காங்க. குழு சில மருந்தோட ஃபைலைக் கேட்டா மூணு ஃபைல் காணோம்னு பதில். எல்லாத்துக்கும் மேல, வேற வேற ஊர்ல இருக்குற பெரிய டாக்டர்ங்க தனித்தனியா குடுத்ததா சொன்ன சிபாரிசுக் கடிதங்கள்ல வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணா இருக்கு, அதை எல்லாம் பக்கத்துல பக்கத்துல வெச்சு அறிக்கையிலயே அச்சடிச்சிருக்காங்க. டென்மார்க் கம்பெனியோட டீன்க்சிட் (Deanxit) மாத்திரை, டென்மார்க்லயே விக்க அனுமதி இல்லாதது, இங்க எப்படி வந்துச்சுன்னும் கேட்டிருக்காங்க. கட்சி சார்பு பார்க்காம எல்லாருமா சேர்ந்து எழுதின அறிக்கை அது. எனக்கு நம்ம ஜனநாயகத்து மேல மரியாதை வந்த இடம்னு அதைத் தான் சொல்லுவேன். அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டா, மருந்துச் சட்டத்தை திருத்துறதுக்கு 2013ல மாநிலங்களவையில கொண்டு வந்த மசோதாவை 2016ல வாபஸ் வாங்கிட்டாங்க, 1940ல வெள்ளைக்காரன் காலத்துல போட்ட சட்டத்தை ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு இன்னும் ஓட்டிட்டு இருக்கோம்.

சரி, இப்ப நான் உனக்கு முக்கியமா சொல்ல நினைச்சதுக்கு வர்றேன், மார்ஃபின், ஓபியத்துலேர்ந்து எடுக்குற, தாங்க முடியாத வலிக்குக் குடுக்குற மருந்து.

1985 ஆகஸ்ட் கடைசில போதைப்பொருள் தடுப்பு மசோதாவை மக்களவையில வெச்சாங்க, செப்டம்பர் 16க்கு ஜனாதிபதி கையெழுத்தே ஆயிடுச்சு. ஒரு மாசம் கூட ஆகல. கடத்தலை ஒடுக்கணும், சர்வதேச ஒப்பந்தத்துக்கு இணங்கணும், அதெல்லாம் சரி, ஆனா குறைஞ்சபட்சம் பத்து வருஷம் ஜெயில்னு சட்டத்துல வந்துட்டா எந்த ஆஸ்பத்திரி மார்ஃபின் மாத்திரையை வாங்கி வைக்கும்? அதுக்கு மேல ஒவ்வொரு மாநிலத்துலயும் தனித்தனி விதி, கலால் துறை ஒரு லைசென்ஸ், மருந்து துறை ஒரு லைசென்ஸ், எல்லாம் ஒரே நேரத்துல செல்லுபடியாகணும், ஒண்ணு கைக்கு வர்றதுக்குள்ள இன்னொண்ணு காலாவதி ஆகும். டபுள் லாக் அலமாரியும் அந்த ரிஜிஸ்டரும் உனக்கு நான் சொல்லணுமா, ஒரு ஆம்பியூல் உடைஞ்சதுக்கு நீ ராத்திரி தூங்காம இருந்தியே. நாடு முழுக்க மார்ஃபின் உபயோகம் அடுத்த பன்னிரண்டு வருஷத்துல கிட்டத்தட்ட 97 சதவீதம் சரிஞ்சுது, 1997ல இவ்வளவு பெரிய நாட்டுக்கு மொத்தமே 18 கிலோ மாதிரி தான். அதுவும் எந்த நாட்டுல, மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசத்துல அரசாங்க லைசென்ஸோட ஓபியம் விளையுற நாட்டுல, நீமச்லயும் காஜிப்பூர்லயும் அரசாங்கமே ஃபேக்டரி நடத்துற நாட்டுல.

எங்க அண்ணனோட கடைசி நாட்கள் உனக்கு தெரியும். கேன்சர் எலும்புக்குப் போயிருந்துச்சு. ஒரு பெரிய ஆஸ்பத்திரி தான், பேர் வேண்டாம், மார்ஃபின் மாத்திரை நாங்க ஸ்டாக் வைக்கறதில்லைங்க, லைசென்ஸ் தொந்தரவுன்னு சொன்னாங்க, சொன்ன டாக்டரும் நல்ல மனுஷன் தான், அவர் முகத்துலயே வருத்தம் இருந்துச்சு. அண்ணன் போர்வை நுனியை பல்லுல கடிச்சுக்கிட்டு படுத்திருந்தாரு. அந்த வலிக்கு மருந்து இல்லாம இல்ல கலா, மருந்து இருந்துச்சு, அது அவர்கிட்ட வந்து சேர முடியாத மாதிரி ஒரு சட்டம் இருந்துச்சு. 1985ல அந்த மசோதாவுக்கு கை தூக்கின யாரும் இப்படி ஆகணும்னு நினைச்சிருக்க மாட்டாங்க, ஆனா வலியில இருக்குறவங்களுக்காக அன்னைக்கு அந்தச் சட்டத்துல போதுமான வழி வைக்கல.

இதை மாத்துறதுக்கு கேரளாவுல வலி தணிக்கிற சிகிச்சை பண்ற டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் மாதிரி ஆளுங்க வருஷக்கணக்கா டெல்லி படியேறினாங்க. இன்னொரு விஷயம், இந்தச் சட்டம் சுகாதாரத் துறைகிட்டயே இல்ல, நிதி அமைச்சகத்துல வருவாய்த் துறை கையில இருக்கு. அதனால 2011ல வந்த திருத்த மசோதா நிதிக்கான நிலைக்குழுவுக்கு தான் போச்சு. கடைசில அது நிறைவேறினது எப்ப தெரியுமா, 2014 பிப்ரவரில, 15வது மக்களவையோட கடைசி கூட்டத்தொடர்ல, தெலங்கானா மசோதாவை எதிர்த்து அவைக்குள்ள மிளகு ஸ்ப்ரே அடிச்ச அதே மாசம். அப்பவும் நிறைவேறாம போயிருந்தா மக்களவை கலைஞ்சு, புது ஆட்சி வந்து, இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ. அத்தியாவசிய நார்கோட்டிக் மருந்துகள்னு ஒரு பிரிவை உருவாக்கி, மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் மாதிரி மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே விதி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருத்தரோட அனுமதி போதும்னு கொண்டு வந்தாங்க. பேப்பர்ல அன்னைக்கு பூரா தெலங்கானா தான், இது ஒரு மூலையில கூட வந்த ஞாபகம் எனக்கு இல்ல.

அந்த அவசரத்துல ஒரு தப்பும் நடந்துச்சு. 2வது பிரிவுல புதுசா ஒரு உட்பிரிவை நுழைச்சதால, ஏற்கனவே அந்த இடத்துல இருந்த "சட்டவிரோத கடத்தல்" விளக்கம் அடுத்த எண்ணுக்கு நகர்ந்துடுச்சு. ஆனா கடத்தலுக்கு பணம் போடுறவனைத் தண்டிக்கிற 27ஏ பிரிவு பழைய எண்ணையே சுட்டிக்கிட்டு நின்னுச்சு. அதாவது பத்துலேர்ந்து இருபது வருஷம் தண்டனை குடுக்குற ஒரு பிரிவு ஏழு வருஷம் வேற எதையோ காட்டிட்டு இருந்திருக்கு, யாரும் திருத்தல. திரிபுராவுல ஒரு கேஸ்ல குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புல இதைக் கிளப்பி, 2021ல திரிபுரா ஹைகோர்ட் திருத்தச் சொல்லி, அப்புறம் அவசரச் சட்டம், டிசம்பர்ல மசோதா. ஒரே ஒரு எழுத்தை மாத்துற அந்த மசோதாவுக்கு நல்ல விவாதம் நடந்துச்சு, 2014லேர்ந்தே அமலுக்கு வந்ததா எப்படி முன்தேதி போட முடியும், பின்னாடி வந்த சட்டத்தை வெச்சு முன்னாடி செஞ்சதுக்கு தண்டிக்கக் கூடாதுங்கிற அரசியல் சாசனம் 20வது பிரிவு அதுக்கு இடம் தருமான்னு எதிர்க்கட்சிக்காரங்க கேட்டாங்க, நியாயமான கேள்வி. அந்த கவனத்துல பாதியாவது 1985லயும் 2014லயும் இருந்திருக்கக் கூடாதான்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

கவனம் வெச்சா என்ன நடக்கும்கறதுக்கும் உதாரணம் இருக்கு. 2005 மார்ச்ல காப்புரிமைச் சட்டத் திருத்தம், அப்போ வெளியிலேர்ந்து ஆதரவு குடுத்த இடதுசாரிங்க அழுத்தம் குடுத்து 3டி பிரிவை பலமாக்க வெச்சாங்க, பழைய மருந்தை லேசா மாத்திட்டு புது கண்டுபிடிப்புன்னு காப்புரிமை வாங்க முடியாது, குணம் கூடியிருக்குன்னு நிரூபிக்கணும்னு. க்ளிவெக்ங்கிற மருந்தோட காப்புரிமை கேஸ் அதுல தான் நின்னுச்சு, சென்னை காப்புரிமை அலுவலகத்துல நிராகரிச்சது, 2013 ஏப்ரல் 1ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. மாசம் ஒரு லட்சத்துக்கு மேல போன ரத்தப் புற்றுநோய் மருந்து ஜெனரிக்கா பத்தாயிரத்துக்கு உள்ள கிடைச்சுது.

அப்படியே 2023 ஜூலைக்கு வா. ஜன் விஷ்வாஸ் மசோதா, 42 சட்டத்துல 183 திருத்தம் ஒரே மூட்டையா, அதுல ஒண்ணு மருந்துச் சட்டத்தோட 27டி பிரிவு, தரம் குறைஞ்ச மருந்து மாதிரி சில குற்றத்துக்கு பணம் கட்டி சமரசம் பண்ணிக்க வழி பண்ணுறது. போலி மருந்துக்கும் கலப்பட மருந்துக்கும் இது பொருந்தாதுன்னு அமைச்சகம் விளக்கம் குடுத்துச்சு, சரி. ஆனா மணிப்பூர் அமளிக்கு நடுவுல மக்களவையில குரல் வாக்கெடுப்புல போயிடுச்சு. அடுத்த ரெண்டே வருஷத்துல, 2025 அக்டோபர்ல, மத்தியப்பிரதேசம் சிந்த்வாராவுல சின்னக் குழந்தைங்க இருபது பேருக்கு மேல செத்தாங்க, நம்ம காஞ்சிபுரத்துல தயாரான கோல்ட்ரிஃப் சிரப், 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் அதுல 48.6 சதவீதம். அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல.

இப்ப உன்கிட்ட ஒரு வேலை. நம்ம தொகுதி எம்.பி.கிட்ட ஒரு கேள்வி எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன், கேட்குறதும் கேட்காததும் அவர் இஷ்டம். கேள்வி 150 வார்த்தைக்குள்ள இருக்கணும், பதினஞ்சு நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். நான் இப்படி எழுதி வெச்சிருக்கேன்: 2014 திருத்தத்துக்கு அப்புறம் மார்ஃபின் மாதிரி மருந்தை வெச்சுக் குடுக்க அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் மாவட்ட வாரியா எத்தனை, அதுல எத்தனை இடத்துல இன்னைக்கு தேதிக்கு வாய்வழி மார்ஃபின் ஸ்டாக்ல இருக்கு, ஒண்ணு கூட இல்லாத மாவட்டங்கள் எது எது. "ஏ முதல் இ வரை"ன்னு மழுப்ப முடியாதபடி ஒவ்வொண்ணுக்கும் எண்ணா பதில் வர்ற மாதிரி கேட்கணும். ஸ்டாக்னு கேட்டா ஒரு ஸ்ட்ரிப் இருந்தாலும் இருக்குன்னு சொல்லிடுவாங்க இல்லையா, அதனால ஒரு மாசத்துல எத்தனை நோயாளிக்கு குடுத்தாங்கன்னும் சேர்க்கணுமா, ரிஜிஸ்டர்ல அந்த கணக்கு எந்த கட்டத்துல வரும், அதோட சரியான பேர் என்னன்னு நீ தான் சொல்லணும். கூட்டத்தொடர் தேதி வர்றதுக்கு முன்னாடி பதில் போடு. அவர் கேட்கலன்னா மனுக்கள் குழுவுக்கு நம்ம பேர்லயே ஒரு மனு அனுப்பலாம், அதுக்கு உன் கையெழுத்தும் வேணும்.

பேத்திக்கு என் முத்தம். அண்ணி உன்னை ரொம்ப விசாரிச்சாங்க.

உன்
வசந்தா