செங்குறிச்சிச் சுங்கச்சாவடி என் நினைவில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்டி ஓட்டும்போது செல்போனைக் கையில் எடுப்பதுதான் தவறு, புளூடூத் வழியாகப் பேசினால் ஆபத்தில்லை, வீட்டில் ஓர் அவசரம் என்றால் தகவல் வந்து சேர வேறு வழியும் இல்லை என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை நானும் அவர் கட்சிதான். ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் இடையில் போனைச் செருகிக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் எரிச்சல்படுவேன். கார் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே போகிற என்னை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டதே இல்லை.

ஒருநாள் தாம்பரத்திலிருந்து சொந்த ஊரான விருத்தாசலத்துக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். மாலை ஆறரை மணி இருக்கும். விழுப்புரம் தாண்டி, உளுந்தூர்பேட்டையை நெருங்கும்போது தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது. ஸ்டீயரிங்கில் இருக்கும் பொத்தானை அழுத்தினேன். "அண்ணே, அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதாம், வேர்த்துக் கொட்டுது" என்றான். அதன் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது: 108-க்குச் சொல்லிவிட்டானா, எந்த மருத்துவமனை, காப்பீட்டு அட்டை எந்த அலமாரியில், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள். சாலைதான் நினைவில் இல்லை. விருத்தாசலத்துக்கு உளுந்தூர்பேட்டையில் பிரிந்து மங்கலம்பேட்டை வழியாகப் போகவேண்டும். இருபது வருடமாக நான் திரும்புகிற திருப்பம் அது. அன்று திரும்பவில்லை. வேப்பூர் என்ற பச்சைப் பலகை விளக்கொளியில் பளிச்சிட்டபோதுதான் திருச்சியை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. மறுநாள் போனைப் பார்த்தால், செங்குறிச்சிச் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டாக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாக ஒரு குறுஞ்செய்தி. வேகத்தைக் குறைத்து, வரிசையில் நின்று, தடுப்புக் கம்பம் உயர்ந்த பிறகே அதைக் கடந்திருக்க முடியும். அப்படியோர் இடத்தைக் கடந்த சுவடே மனத்தில் இல்லை. சாலையைக் கடக்க யாரேனும் அந்நேரத்தில் இறங்கியிருந்தால் அவரையும் அப்படித்தான் பார்த்திருப்பேன் என்று நினைத்தபோது உடம்பு நடுங்கியது. இத்தனைக்கும் என் கைகள் இரண்டும் ஸ்டீயரிங்கில்தான் இருந்தன.

இது என் ஒருவனின் பலவீனம் என்றே முதலில் எண்ணினேன். படித்துப் பார்த்தபோது, இது கால் நூற்றாண்டுக்கு முன்பே ஆராயப்பட்ட விஷயம் என்று தெரிந்தது. கனடாவின் டொராண்டோ நகரில், செல்போன் வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசிப் பதிவுகளை விபத்து நேரத்தோடு ஒப்பிட்டு 1997-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. போன் பேசும்போது விபத்துக்கான வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்றும், கையில் பிடிக்காத (ஹேண்ட்ஸ் ஃப்ரீ) கருவிகளால் அது குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் அதில் கண்டார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களை வைத்து நடந்து 2005-இல் வெளியான ஆய்விலும் அதே நான்கு மடங்குதான். அங்கும் ஹேண்ட்ஸ் ஃப்ரீ காப்பாற்றவில்லை. என்னை உலுக்கியது இன்னொன்று. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் சாலையைத் திரையில் காட்டும் மாதிரி ஓட்டுநர் இருக்கையில் (சிமுலேட்டர்) ஆட்களை உட்கார வைத்து, வழியில் ஓர் ஓய்விடம் வரும், அங்கே திரும்பி நிறுத்துங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஹேண்ட்ஸ் ஃப்ரீயில் பேசிக்கொண்டு போனவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். பக்கத்தில் நண்பரை உட்கார வைத்துப் பேசிக்கொண்டு போனவர்களில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். 2008-இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது என் உளுந்தூர்பேட்டைத் திருப்பத்தை யாரோ பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம், போனில் பேசினால் மட்டும் என்ன என்று கேட்பவர்களுக்கும் விடை அதில்தான் இருக்கிறது. முன்னால் போகும் லாரியின் பிரேக் விளக்கு எரிந்தால் பக்கத்து இருக்கைக்காரர் தானாகவே பேச்சை நிறுத்துவார். "பார்த்துப் போ, வளைவு வருது" என்பார். என் தம்பிக்கு லாரியும் தெரியாது, வளைவும் தெரியாது. அவன் கண்முன் இருந்தது அப்பா மட்டுமே. ஐந்து நிமிடத்தில் எனக்கும் அப்படியே ஆகிவிட்டது.

இனி, அவசரம் என்ற வாதத்துக்கு வருகிறேன். வண்டியில் போன் இருப்பது உயிர்காக்கும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மேற்சொன்ன டொராண்டோ ஆய்விலேயே, விபத்துக்குப் பிறகு 39 சதவீத ஓட்டுநர்கள் அதே போனில்தான் அவசர உதவியை அழைத்திருக்கிறார்கள். ஆனால் அது வண்டி நின்ற பிறகு. சாலையில் விபத்தொன்றைப் பார்த்து, ஓட்டிக்கொண்டே 108-ஐ அழைக்கிற நல்லெண்ணக்காரர்களை எனக்குத் தெரியும். மறுமுனையில் இருப்பவர் முதலில் கேட்பது இடத்தை: எந்த ஊருக்கு அருகில், எந்தப் பக்கம், கிலோமீட்டர் கல்லில் என்ன எண். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் இரண்டு நிமிடம் பேசினால் விபத்து நடந்த இடத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடுவார். அவர் சொல்லும் அடையாளம் ஆம்புலன்ஸுக்கு எப்படி உதவும்? நின்று, கல்லைப் பார்த்து, 108-க்கோ தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033-க்கோ சொல்வதுதான் அடிபட்டவருக்கு உதவும்.

என் தந்தை அன்று பிழைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸை அழைத்தது தம்பி. கூடவே ஏறிக்கொண்டது எதிர்வீட்டு மாமா. ஓட்டிக்கொண்டே நான் சொன்ன எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. வேப்பூரிலிருந்து சுற்றிக்கொண்டு நான் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததுதான் மிச்சம்.

நமது சட்டமும் அந்த வாசகரின் பக்கமே நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, கையில் பிடித்துப் பயன்படுத்தும் தகவல் தொடர்புக் கருவிகளையே அபாயகரமான ஓட்டுதலில் சேர்க்கிறது; ஸ்பீக்கரில் பேசுபவர் அதில் அடங்கமாட்டார். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், மிசூரி மாநிலத்தில் நடந்த தொடர் மோதலை விசாரித்த பின், அவசரநிலை தவிர ஹேண்ட்ஸ் ஃப்ரீயையும் தடைசெய்ய வேண்டும் என்று 2011 டிசம்பரில் பரிந்துரைத்தது. பிரிட்டனில் 2003 முதல் கையில் போன் பிடிக்கத் தடை இருந்தாலும், உடனே வண்டியை நிறுத்துவது ஆபத்தானால் 999 அல்லது 112-ஐ அழைக்க விலக்கு உண்டு. இந்த இரண்டையும் சேர்த்து நாம் யோசிக்கலாம்.

எல்லாக் கார்களுக்கும் இன்றே தடை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கண்ணாடி ஏற்றிய காருக்குள் பேசுபவரை எந்தக் காவலர் கண்டுபிடிப்பார்? பேருந்து, பள்ளி வேன், ஆம்புலன்ஸ் ஓட்டுபவர்களுக்கு மட்டுமாவது, ஓடும் வண்டியில் ஹேண்ட்ஸ் ஃப்ரீயும் கூடாது என்று விதி வேண்டும். உணவு கொண்டுவரும் இளைஞரை, அவர் வண்டியில்தான் இருப்பார் என்று தெரிந்தும், "எங்கே வந்திருக்கீங்க" என்று மூன்று முறை அழைக்கிற நாமும் இதில் பங்காளிகள்தாம். நெடுஞ்சாலைகளில் ஒதுங்கி நிற்க இடங்கள் கூடுதலாக வேண்டும். வெள்ளைக்கோட்டுக்கு வெளியே இருட்டில் நிறுத்தினால் பின்னால் வரும் லாரியே அடுத்த அவசரமாகிவிடும்.

இப்போதெல்லாம் நான் வண்டியில் ஏறினால் அழைப்புகள் ஒலிக்காதபடி போனை மாற்றி வைத்துவிடுகிறேன். தம்பி எண்ணுக்கு மட்டும் விலக்கு. அவன் அழைத்தால் முதல் வார்த்தையே, "அண்ணே, ஏதாவது பங்க்ல ஓரங்கட்டிட்டு நீயே கூப்பிடு" என்பதுதான். சொல்லிவிட்டு அவனே வைத்துவிடுகிறான்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
தாம்பரம்.