சாம்ரியின் தலையை இரண்டாம் முறை வெட்டியவர்களுக்கு

பழைய படங்களை இணையவழியே வழங்கும் நிறுவனத்தின் மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இந்தித் திகில் படங்களை எடுத்த ராம்சே சகோதரர்களின் படைப்புகளை எந்த நிலையில் நீங்கள் வழங்கிவருகிறீர்கள் என்பதை உங்களுக்கே எடுத்துச்சொல்லத் தேவையில்லை. சந்தாதாரர்கள் பலமுறை எழுதியிருக்கிறோம். அத்தனை முறையும் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே வரிதான் வந்திருக்கிறது. 1984இல் வெளியான 'புரானா மந்திர்' படத்தை, மெருகேற்றிய பிரதி என்ற அறிவிப்போடு அண்மையில் நீங்கள் ஏற்றியிருப்பதைப் பார்த்த பிறகே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

சாம்ரி என்ற கொடியவனின் தலையைத் துண்டித்து, உடலை ஓரிடத்தில் புதைத்து, தலையை ஒரு பெட்டியில் பூட்டிவைக்கிறார்கள்; இரண்டும் ஒன்றுசேர்ந்தால் அவன் எழுந்துவிடுவான் என்பதே படத்தின் அச்சம் முழுவதும். உங்கள் பிரதியிலும் அவன் எழுந்துதான் வருகிறான், ஆனால் தலை இல்லாமல் வருகிறான். அகலத்திரையை நிரப்புவதற்காகப் படத்தை மேலும் கீழும் வெட்டியதில், அந்த வேடமிட்ட அனிருத் அகர்வாலின் நெற்றியும், சில காட்சிகளில் கண்களுமே படச் சட்டத்துக்கு (ஃப்ரேமுக்கு) வெளியே போய்விட்டன. ரூர்க்கியில் கட்டுமானப் பொறியியல் படித்த அந்த நெடிய மனிதரின் உயரமும் முக அமைப்பும்தான் அந்தப் படத்தின் பெருஞ்செல்வம். பெரிய தந்திரக் காட்சிகளுக்குப் பணமில்லாதவர்கள், அவரை இருட்டில் நிறுத்தி, முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் விழவைத்தார்கள். மிச்சத்தைப் பார்ப்பவரின் கற்பனை கவனித்துக்கொண்டது. அந்த உயரத்தை வெட்டிவிட்டால் நமக்கு எஞ்சுவது நடந்துவரும் ஒரு மார்பு மட்டுமே.

எனவே எங்கள் கோரிக்கை ஒன்றே: படத்தை அதன் முழுச் சட்டத்தோடும் அதன் நிறங்களோடும் தாருங்கள்.

நிறத்தைச் சொல்லக் காரணம் உண்டு. துளசியும் ஷ்யாமும் இயக்க, கங்கு ஒளிப்பதிவு செய்ய, கிரண் ஒலியைப் பார்த்துக்கொள்ள, ஒரு குடும்பமே கூடி எடுத்த படங்கள் இவை. 1972இல் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' படத்தை மகாபலேஷ்வரில் குடும்பத்தோடு தங்கி எடுத்து முடித்தவர்கள், அரங்குக்குச் செலவிட முடியாததை நீல விளக்காலும் சிவப்பு விளக்காலும் புகையாலும் ஈடுகட்டக் கற்றுக்கொண்டார்கள். உங்கள் மென்பொருளோ அந்தப் புகையைத் தூசி என்று எண்ணித் துடைத்திருக்கிறது. நள்ளிரவு மாளிகை இப்போது மாலை நேரத்துத் திருமண மண்டபம் போல் பளிச்சென்று இருக்கிறது.

இத்தனையும் செய்துவிட்டு, 'நண்பர்களோடு பார்த்துச் சிரிக்க' என்ற வரிசையில் படத்தை வைத்திருக்கிறீர்கள். ஜகதீப்பின் நகைச்சுவைப் பகுதியில் நாங்களும் சிரிக்கிறோம், அது சிரிக்கவே எடுக்கப்பட்டது. முகமூடியின் ஓரம் தெரிவதும் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் கதாநாயகி அலறும்போது அவள் எதிரே உண்மையிலேயே ஒருவர் நின்றார், அவருடைய நிழல் உண்மையான சுவரில் விழுந்தது. இன்று கோடிகளைக் கொட்டிக் கணினியில் உருவாக்கும் பூதங்களிடம் எனக்குக் கிடைக்காதது அதுதான். நட்சத்திர நடிகரின் படத்தில் தலைமுடியின் நுனி வெட்டுப்பட்டிருந்தால் மறுநாளே மன்னிப்பு அறிக்கை வந்திருக்கும். பேய்க்கு ரசிகர் மன்றம் இல்லை. மோண்டோ மகாப்ரோ என்ற வெளிநாட்டு நிறுவனம் இப்படங்களை மதித்து வட்டுகளாக வெளியிட்டிருக்கிறது. நம் ஊர்ப் பேயின் முழு முகத்தைக் காண நாம் அதை இறக்குமதி செய்துகொள்ள வேண்டும் போலும்.

கோபம் சற்று மீறிவிட்டது, பொறுத்தருள்க. படத்தை முழுச் சட்டத்தோடும் அதன் நிறங்களோடும் தருமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பக்கங்களில் கறுப்புப் பட்டை தெரிந்தால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல பிரதி கிடைக்கும்வரை, மெருகேற்றாத பழைய பிரதியையே திரும்ப ஏற்றிவைத்தாலும் போதும். அந்த வரிசையின் பெயரையும் அருள்கூர்ந்து மாற்றுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர் ஒருவர்