‘பெருசா வைங்கய்யா’ என்றவர்களுக்கு

கும்பகோணம்

அன்புடையீர், வணக்கம்.

பத்திர எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பார்க்கின்சன் நோய் வந்தபிறகு என்னை நடக்க, குனிய, கத்த, குத்த வைத்தவர்களுக்கு எழுதும் மடல் இது. நான் சொல்லச் சொல்ல மகள் தட்டச்சு செய்கிறாள். மருந்து வாங்கி வந்தவர்களுக்கும் ஆறுதல் சொன்னவர்களுக்கும் நேரிலேயே நன்றி சொல்லியாகிவிட்டது. இது வேறு கூட்டத்துக்கு. என்னைச் சும்மா உட்கார விடாதவர்களுக்கு.

கை நடுங்குவதற்கு முன்பே எனக்கு எழுத்து சுருங்கிவிட்டது. வரி தொடங்கும்போது நெல்லளவு இருந்தால் முடியும்போது கடுகளவு. கையெழுத்து ஒத்துவரவில்லை என்று காசோலை திரும்பியது. முதலில் காட்டப்போன இடத்தில் “வயசானா அப்படித்தான், ரெஸ்ட் எடுங்க” என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பினார்கள். பிறகு பார்த்த நரம்பியல் மருத்துவர்தான் என்னை வராந்தாவில் நடக்கச் சொல்லி, வலது கை வீசவே இல்லை என்று கவனித்தவர். அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற ரசாயனம் மூளையில் குறைவதை ஈடுகட்ட லெவோடோபா மாத்திரை எழுதினார். அதற்குக் கீழே ‘உடற்பயிற்சி, தினமும்’ என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார். “இதுவும் மருந்துதான், தவறவிடக் கூடாது” என்றார். ஐயா, அந்த இரண்டு கோட்டுக்கு என் முதல் நன்றி.

அடுத்தது பிசியோதெரபிஸ்ட் டாக்டரம்மாவுக்கு. அம்மா, உங்களுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. ஆனால் உங்கள் அதட்டலில் என் அப்பாவையே பார்த்தேன். முதல் நாள் என்னை நடக்கவிட்டுப் போனில் படம் பிடித்துக் காட்டினீர்களே, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் நன்றாகத்தான் எட்டிவைத்து நடந்தேன் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். படத்தில் ஒரு கிழவன் காலைத் தேய்த்துக்கொண்டு போகிறான். மூளையில் டோபமின் குறையும்போது அசைவின் அளவைக் கணக்கிடும் வேலை தப்பிப்போகிறது, சின்ன அடியே முழு அடியாகத் தோன்றுகிறது என்று விளக்கினீர்கள். “உங்களுக்கு ரொம்ப ஓவராத் தோணணும். அப்பத்தான் பார்க்கிறவங்களுக்குச் சரியா இருக்கும். பெருசா வைங்கய்யா!”

இந்தப் பயிற்சி முறை குரலில் தொடங்கியதாம். அமெரிக்காவில் லீ சில்வர்மேன் என்ற பார்க்கின்சன் நோயாளியின் பெயரால் 1987இல் வந்த குரல் பயிற்சி. அதே தத்துவத்தைப் பிற்பாடு உடம்புக்கும் கொண்டுவந்தார்கள். வாரம் 4 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், 4 வாரம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, விரல்களை நன்றாக விரித்து, குனிந்து தரைக்குக் கையைக் கொண்டுபோய், அங்கிருந்து நிமிர்ந்து இரண்டு கையையும் விரித்துப் பத்து எண்ணும்வரை அப்படியே நிற்கவேண்டும். எண்ணுவதும் நான்தான், சத்தம்போட்டு. குரல் இறங்கினால் திரும்ப ஒன்றிலிருந்து. நாலாவது வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து “யாரோடு சண்டை?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் நீங்கள் முதல்முறையாகச் சிரித்தீர்கள்.

எதிர்வீட்டுத் தவில்காரருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. என்னுடைய பெரிய தொல்லை நிலைப்படி. நன்றாக நடந்துவருவேன், வாசலைக் கண்டதும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் போகும், கால் வராது. விழுவது அப்போதுதான். ஒருநாள் நான் இப்படி நிற்பதைப் பார்த்துவிட்டுத் திண்ணையில் இருந்தபடியே தொடையில் தட்டி “தகதிமி” சொன்னீர்கள். கால் எழுந்தது. டாக்டரம்மாவிடம் சொன்னால், “அதேதான், இதுக்குன்னே தாளம் தட்டுற மெட்ரோனோம் கருவி வைப்போம், உங்களுக்குத் தவிலே கிடைச்சிருக்கு” என்றார். தானாக நடக்கவைக்கும் பாதை மூளையில் மந்தமானாலும், வெளியிலிருந்து வரும் தாளமோ கண்ணுக்குத் தெரியும் கோடோ வேறு வழியாகக் காலைக் கிளப்பிவிடுமாம். நீங்கள் இரண்டு காலத்தில், அதாவது இரண்டு வேகத்தில், வாசித்துப் போனில் பதிந்து தந்ததைத்தான் இப்போதும் காதில் மாட்டிக்கொண்டு நடக்கிறேன். கடைத்தெருவுக்கு மெதுவான காலம், குளக்கரைக்கு அடுத்தது.

கோட்டுக்கு நன்றி இன்னொருவருக்கு. எங்கள் வாசலில் கோலம் போடும் அம்மா, படிக்கு முன்னால் என் அடிக்கு ஏற்ற இடைவெளியில் குறுக்குக்கோடுகள் போட்டுவிடுகிறார். “உங்களுக்குப் புள்ளியும் வேண்டாம், பூவும் வேண்டாம், கோடு போதும்” என்பார். வீட்டுக்குள் அதே வேலையைப் பேரன் இன்சுலேஷன் டேப்பை வைத்து முடித்தான். திரும்பும் இடத்தில் மட்டும் வளைவாக ஒட்டியிருக்கிறான்; நின்ற இடத்திலேயே சட்டென்று திரும்பினால் தடுமாறும், சுற்றித்தான் திரும்பவேண்டும்.

மாப்பிள்ளைக்கு. 2018இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு ஒன்றை எனக்குப் படித்துக்காட்டினீர்கள். நோயின் தொடக்கத்தில் இருந்த, இன்னும் மாத்திரை ஆரம்பிக்காத 128 பேர். டிரெட்மில்லில் வாரம் 4 நாள், இதயத்தின் உச்சத் துடிப்பில் 80 முதல் 85 சதவீதம் எட்டும் அளவுக்கு, ஆறு மாதம் நடக்கச் சொல்லப்பட்ட குழுவுக்கு நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் ஏறக்குறைய அப்படியே நின்றது. வழக்கம்போல் இருந்தவர்களுக்கு 3 புள்ளி கூடியது. அதைக் கேட்டுவிட்டு நான் ஓடக் கிளம்பவில்லை. எனக்கு ரத்த அழுத்தம் வேறு. ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, பேசமுடியவேண்டும், பாடமுடியக்கூடாது, அந்த வேகம் போதும் என்று மருத்துவர் வரம்பு போட்டார். நீங்கள் வாங்கித் தந்த, நகராமல் நிற்கும் சைக்கிளில் அந்த வேகத்தில்தான் மிதிக்கிறேன். நெதர்லாந்தில் சில அடிகூட நடக்கத் திணறிய 58 வயதுக்காரர் சைக்கிளை மட்டும் ஒழுங்காக ஓட்டினார் என்று 2010இல் மருத்துவ இதழில் வந்ததாமே. அலுவலகத்துக்குச் சைக்கிளிலேயே போய் வந்தவனுக்கு அதைக் கேட்டபோது வந்த சந்தோஷம்!

சம்பந்தி, வருத்தப்படக் கூடாது. நீங்கள் அனுப்பிய பூனைக்காலி விதைப் பொடியை மருத்துவரிடம் காட்டினேன். அதில் லெவோடோபா இருப்பது உண்மைதான் என்றார். ஆனால் ஒரு கரண்டியில் எவ்வளவு என்று தெரியாததை மாத்திரையோடு சேர்க்கவேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டார்.

கல்யாண மண்டப மேலாளருக்கு. என்னைப்போன்ற நோயாளிகள் சேர்ந்து பயிற்சி செய்ய, முகூர்த்தம் இல்லாத நாட்களில் வாடகை வாங்காமல் கூடத்தைத் திறந்துவிட்டீர்கள். மின்விசிறிக்கும் கணக்குப் பார்க்கவில்லை. மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்து, அதாவது விழுங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் எங்களால் பயிற்சி செய்யமுடியும் என்றதும் நேரத்தையும் மாற்றிக்கொடுத்தீர்கள். அங்கே நடக்கும் குத்துச்சண்டையைப் பற்றிச் சொல்லாமல் இருக்கமுடியாது. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில், இதே நோய் வந்த முன்னாள் அரசு வழக்கறிஞர் ஸ்காட் நியூமன் 2006இல் நோயாளிகளுக்கென்று தொடங்கிய பயிற்சி. ஆளை அடிப்பதில்லை. எங்களுக்குப் பையும் கிடையாது, இலவம்பஞ்சுத் தலையணைதான். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் காலை அகட்டி நின்று, இடுப்பைத் திருப்பி, எண்ணிக்கொண்டே குத்தவேண்டும். எனக்குத் தலையணை பிடிப்பவர் ஓய்வுபெற்ற தாசில்தார். வேலைக்காலம் முழுக்க அவர் முன்னால் கைகட்டி நின்றவன் நான். முதல் நாள் கை எழவில்லை. “ஓய், குத்தும்! பட்டா கொடுக்காம இழுத்தடிச்சேனே, மறந்துட்டீரா?” என்றார். அன்றைக்கு விழுந்த குத்தில் தையல் பிரிந்து பஞ்சு பறந்தது. தாசில்தார் ஐயா, உங்களுக்கு நன்றி. பட்டா விஷயத்தைத் தனியாகப் பேசிக்கொள்வோம்.

தையல்கடைத் தம்பி, அவசரத்துக்கு இரண்டு சட்டைக்கு மட்டும் ‘டிச்’ பட்டன் வைத்துக்கொடுத்து, மற்றதையெல்லாம் அப்படியே விடச் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளவில்லையே, அதற்கு நன்றி.

அந்தப் பழைய பட்டன்களால் திட்டு வாங்கியவள் என் மனைவி. நான் ஒரு சட்டையை மாட்டி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வந்த உறவுக்காரர்கள் எல்லாம், “ஏன்டி, மாட்டிவிட்டா குறைஞ்சா போயிடுவே?” என்று கேட்டார்கள். பதில் சொல்லமாட்டாள். இரண்டாவது பட்டன் நழுவும்போது அவள் விரல் தன்னாலே அசைவதைப் பார்த்திருக்கிறேன்; எழுந்து வந்ததில்லை. நோய் போகாது என்று அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். சட்டையை நானே போட்டுக்கொள்கிறேன் என்றால் அது அவள் உட்கார்ந்திருந்ததால்தான். விஜயா, இதை நேரில் சொல்ல எனக்கு வராது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆவணியில் முகூர்த்தம் நெருக்கமாக வருவதால் மண்டபம் பல நாள் கிடைக்காது. வழுக்காத தரையும் பத்து நாற்காலி போட இடமும் உள்ள கூடம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். புதிதாக வருகிறவர்கள் செருப்பில் வரவேண்டாம், பிடிப்புள்ள ஷூ போட்டு வாருங்கள். தலையணை இருக்கிறது; பிடிக்கத்தான் ஆள் போதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்